ஈனுலையில் படியும் கதிரியக்கமும் பராமரிப்புச் செலவும்

(கொச்சி, தோப்பும்படியில் மாணவர்களும் அரசு அலுவலர்களும் கூடியிருந்த கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



அணு உலை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம், உலை ஓடுகின்ற நாட்களைப் பற்றியே நாம் பேசுகிறோம். எத்தனை மெகாவாட், எத்தனை யூனிட், ஒரு யூனிட்டுக்கு எத்தனை பைசா என்பவை அப்பேச்சின் பொருள்கள். இன்று நான் உலை நிற்கின்ற நாட்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். ஒரு பம்பு பழுதாகிறது. ஒரு வெப்ப மாற்றியில் கசிவு காணப்படுகிறது. அதனை வெளியே எடுத்துச் செப்பனிட வேண்டும். மனிதர்கள் அதன் அருகே செல்ல வேண்டும். அப்போது அந்த எஃகின் பரப்பில் என்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதைப் பொறுத்தே அவ்வேலை சில நாட்களில் முடியுமா, பல மாதங்கள் நீடிக்குமா என்பது அமையும்.

நான் பொருளாதாரம் படித்தவன். உலோகவியல் வல்லுநன் அல்லன். ஆயினும் திட்டச் செலவுகளை ஆராயும் பணியில் இருப்பவனுக்கு இப்பொருள் அயலானது அன்று. உலையின் வரைபடத்தில் இன்று எடுக்கும் ஒரு சிறு முடிவு, முப்பது ஆண்டுகளுக்குப் பின் ஒரு தொழிலாளியின் உடல் ஏற்கும் கதிர்வீச்சாக மாறுகிறது. அந்தத் தொடர்பினை விளக்குவதே என் நோக்கம்.

இவ்வூரில் இதனைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. இங்கிருந்து வடக்கே, பெரியாற்றங்கரையில் உள்ள உத்யோகமண்டலில் இந்திய அருமண் நிறுவனத்தின் ஆலை 1952 டிசம்பரில் திறந்து வைக்கப்பட்டது. கேரளக் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டிலிருந்து அருமண் உப்புக்களையும் தோரியத்தையும் பிரித்தெடுப்பதற்காக எழுந்த ஆலை அது. தோரியம் நம்மிடம் நிறைய உண்டு, யுரேனியம் குறைவு. ஆனால் தோரியத்தை நேரடியாக எரிபொருளாக்க இயலாது. ஆகவேதான் ஹோமி பாபா 1950களில் மூன்று கட்டத் திட்டத்தை வகுத்தார். முதற்கட்டத்தில் இயற்கை யுரேனியமும் கனநீரும் கொண்டு இயங்கும் உலைகள். அவற்றில் விளையும் புளூட்டோனியத்தைக் கொண்டு இரண்டாம் கட்டத்தில் அதிவேக ஈனுலைகள். மூன்றாம் கட்டத்தில் தோரியத்தை அடிப்படையாகக் கொண்ட உலைகள். சவறாவின் மணல் பெருமளவில் மின்சாரமாக வேண்டுமாயின், இத்திட்டப்படி அது கல்பாக்கத்தின் சோடியத்தைக் கடந்தே ஆகவேண்டும்.

ஏன் சோடியம்?

ஈனுலையில் நியூட்ரான்களின் வேகம் குறையக்கூடாது. நீர் அவற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். ஆகவே நீரைக் குளிர்விப்பானாகப் பயன்படுத்த இயலாது. சோடியம் 98 டிகிரி செல்சியசில் உருகி, 883 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. எனவே உயர் அழுத்தம் இன்றியே மிகுந்த வெப்பத்தைச் சுமந்து செல்ல வல்லது. இவை அதன் நற்குணங்கள். நீரைக் கண்டால் வெடிப்பது, காற்றில் தீப்பற்றுவது ஆகியவை அதன் தீக்குணங்கள். இவை இரண்டும் எல்லோரும் அறிந்தவை. மூன்றாவது குணம் ஒன்று உண்டு. அது ஆரவாரம் இன்றிச் செயற்படுவது. சோடியம் தான் தொட்ட எஃகிலிருந்து மிகச் சிறிதளவு எடுத்துச் சென்று வேறோர் இடத்தில் வைக்கிறது.

கல்பாக்கத்தில் 1971இல் உலை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. 1985இல் அது இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் அங்குள்ள அதிவேக ஈனுலைச் சோதனை உலை முதன்முறையாகத் தொடர்வினை நிலையை எட்டியது. 40 மெகாவாட் வெப்ப ஆற்றலுக்கென வகுக்கப்பட்ட அவ்வுலை, அம்முழு அளவை 2022 மார்ச்சில்தான் அடைந்தது. இதன் அடுத்த படியாக 500 மெகாவாட் மின்திறன் கொண்ட முன்மாதிரி ஈனுலையைக் கட்டுவதற்கு பாவினி என்னும் அரசு நிறுவனம் 2003இல் அமைக்கப்பட்டது. 2004இல் கட்டுமானம் தொடங்கியது. கருவகப் பொருள்களை ஏற்றும் பணி 2024 மார்ச் 4ஆம் நாள் பிரதமர் முன்னிலையில் தொடங்கப்பெற்றது. அவ்வுலையின் முதற்சுற்றில் மட்டும் 1,100 டன்னுக்கு மேற்பட்ட சோடியம் உண்டு. அது 397 டிகிரியில் கருவகத்துக்குள் நுழைந்து 547 டிகிரியில் வெளியேறுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது.

கதிர்வீச்சும் கதிரியக்க மாசும்

இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் பொதுவாகக் காணப்படும் பிழை. விளக்கின் ஒளியில் நிற்பது வேறு. விளக்கின் கரி கையில் ஒட்டிக்கொள்வது வேறு. ஒளியை விட்டு விலகினால் அத்துடன் அது தீர்ந்தது. கரியோ நாம் செல்லும் இடமெல்லாம் உடன் வரும். உலோகப் பரப்பில் படியும் கதிரியக்கப் பொருள் இந்தக் கரியைப் போன்றது. பம்பை உலையிலிருந்து வெளியே எடுத்தால், படிவும் அதனுடன் வெளியே வருகிறது.

சோடியமே கதிரியக்கம் பெறுகிறது என்பது உண்மை. இயற்கைச் சோடியம் நியூட்ரானை ஏற்றுச் சோடியம்-24 ஆகிறது. அதன் காமாக் கதிர்கள் மிகக் கடுமையானவை. ஆனால் அதன் அரை ஆயுள் 15 மணி நேரமே. உலையை நிறுத்திப் பத்து நாட்கள் காத்திருந்தால் அறுபதினாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகத் தணிந்துவிடும். சோதனை உலையில் 2002ஆம் ஆண்டு தூய்மைப்படுத்தும் சுற்றின் ஒரு வால்விலிருந்து 75 கிலோ முதற்சுற்றுச் சோடியம் கசிந்தது. இத்தகைய நிலையில் ஆட்கள் அணுகுமுன் செய்ய வேண்டிய முதற்பணி, இந்தத் தணிவுக்குக் காத்திருப்பதே. சோடியம்-22 என்னும் மற்றொரு வகை 2.6 ஆண்டு அரை ஆயுள் கொண்டது. அளவில் மிகக் குறைவு. சோடியத்தை வடித்துவிட்டால் பெரும்பகுதி அதனுடனேயே போய்விடும்.

வடித்த பின்னும் போகாதவையே நம்முடைய சிக்கல். கருவகத்தில் எரிபொருளைச் சுற்றியுள்ள எஃகு உறைகள் ஓயாமல் நியூட்ரான்களின் தாக்குதலுக்கு உள்ளாகின்றன. எஃகிலுள்ள இரும்பின் ஒரு பகுதி மாங்கனீஸ்-54 ஆகிறது. நிக்கலின் ஒரு பகுதி கோபால்ட்-58 ஆகிறது. மாசாகக் கலந்திருக்கும் கோபால்ட், கோபால்ட்-60 ஆகிறது. சூடான சோடியம் இவ்வெஃகை ஆண்டுக்கு ஒரு சில மைக்ரான் அளவே அரிக்கிறது. சாதாரண ஆலையில் இதனை அரிப்பென்றே யாரும் கருதமாட்டார்கள். ஆனால் இங்கு அரிக்கப்பட்டது கதிரியக்கம் உள்ள எஃகு. அது சோடியத்துடன் பயணம் செய்து, வெப்ப மாற்றியின் குழாய்களிலும் பம்பின் பரப்பிலும் படிகிறது. மாங்கனீஸ் குளிர்ந்த இடங்களை நாடிச் செல்கிறது. கோபால்ட் பெரும்பாலும் சூடான பகுதிகளிலேயே தங்குகிறது. அங்கேயுள்ள வெப்பத்தில் இவை பரப்பின் மேல் கிடப்பதோடு நில்லாமல், எஃகினுள்ளும் சில மைக்ரான் ஆழம் ஊடுருவிவிடுகின்றன. ஆகவே துடைத்தால் போவதில்லை. அமிலக் கரைசலில் இட்டு, எஃகின் மேல்தோலையே மெல்லியதாக உரித்தெடுக்க வேண்டியிருக்கிறது.

மாங்கனீஸ்-54இன் அரை ஆயுள் 312 நாட்கள். ஐந்தாண்டு காத்திருந்தால் ஐம்பதில் ஒரு பங்குக்கும் கீழே குறையும். கோபால்ட்-60இன் அரை ஆயுளோ 5.27 ஆண்டுகள், பத்தாண்டு கழிந்த பின்னும் கால் பங்குக்கு மேல் எஞ்சியிருக்கும். எரிபொருள் உறை எங்கேனும் விரிசல் கண்டால் சீசியம்-137 வெளிப்படும். அதன் அரை ஆயுள் ஏறக்குறைய 30 ஆண்டுகள். அது சோடியத்தில் கரைந்து, ஓரளவு ஆவியாகி, மேலேயுள்ள ஆர்கான் வாயுப் பகுதியின் குளிர்ந்த பரப்புகளில் போய்ப் படியும்.

அரிப்பைக் குறைப்பதற்கான வழி சோடியத்தைத் தூய்மையாக வைப்பதாகும். ஆக்சிஜன் பத்து லட்சத்தில் ஒரு சில பங்குக்கு மேற்பட்டால் அரிப்பு விரைகிறது. குளிர்பொறி என்னும் ஓர் அமைப்பின் வழியாகச் சோடியத்தின் ஒரு பகுதியைச் செலுத்தி வெப்பத்தைக் குறைப்பார்கள். ஆக்சைடு கரைந்திருக்க முடியாமல் பிரிந்து, கம்பி வலையில் தங்கிவிடும். சூட்டில் கரைந்த கற்கண்டு ஆறியதும் நூலில் படிகின்ற அதே தத்துவம். சீசியத்தை இப்பொறி நன்கு பிடிப்பதில்லை. அதற்குக் கரிமப் பொறிகள் தேவை. காஸ்பியன் கடற்கரையில் கஜகஸ்தானின் பி.என்-350 உலை 1999இல் நிரந்தரமாக மூடப்பட்ட பின்னர், சோடியத்தை வடிக்குமுன் இவ்வகைப் பொறிகளைக் கொண்டே சீசியம் அகற்றப்பட்டது.

ஒரு கடினப் பூச்சின் வரலாறு

இனி, வரைபடத்தில் எடுக்கப்படும் முடிவு என்று நான் குறிப்பிட்டதற்கு வருகிறேன். ஒன்றோடொன்று உராயும் எஃகுப் பகுதிகள் சூடான சோடியத்தில் பற்றிக்கொள்ளாமல் இருக்க, அவற்றின் மேல் கடினமான உலோகக் கலவையைப் பூச வேண்டும். உலகெங்கும் இதற்கு வழக்கமாகப் பயன்பட்டது ஸ்டெல்லைட். பூசுவதற்கு எளிது, நெடுநாள் அனுபவம் உடையது. ஆனால் அதில் பாதிக்கு மேல் கோபால்ட். தேய்ந்து உதிரும் துகளும் கரையும் துளியும் கருவகத்தின் வழியே செல்லும்போது கோபால்ட்-60 ஆக மாறித் திரும்பி வரும். கருவகத்துக்கு அருகிலுள்ள பகுதியாயின், பூச்சு இருந்த இடத்திலேயே கதிரியக்கம் பெற்றுவிடும்.

கல்பாக்கத்தின் பொறியாளர்கள் முன்மாதிரி ஈனுலைக்கு இதனைத் தவிர்த்தார்கள். நிக்கலை அடிப்படையாகக் கொண்ட கோல்மோனாய் என்னும் கலவையைத் தேர்ந்தார்கள். இத்தேர்வு இலவசமாகக் கிடைத்ததன்று. கோல்மோனாய் எளிதில் நொறுங்கும் தன்மையது. துருவுறா எஃகின் மேல் பூசும்போது, இரண்டும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்குவதால் வெடிப்புகள் தோன்றும். எரிபொருள் தொகுதிகளைத் தாங்கும் அடித்தட்டு போன்ற பெரிய உறுப்புகளில் வெடிப்பின்றிப் பூசுவதற்கு, பிளாஸ்மா வில் முறையையும் முன்கூட்டிச் சூடேற்றும் முறையையும் பன்முறை சோதித்துப் பார்க்க வேண்டியிருந்தது. கூடுதல் உழைப்பும் காலமும் இன்று செலவாகின்றன. பயனோ, பராமரிப்புக்காகவும், இறுதியில் உலையைக் கலைப்பதற்காகவும் உறுப்புகளை அணுகப் போகின்றவர்களுக்குச் சேர்கிறது.

இத்தகைய முடிவை நம்முடைய வழக்கமான கணக்கீட்டு முறை ஆதரிக்குமா? ஆதரிக்காது என்பதே என் கருத்து. எதிர்காலச் செலவை இன்றைய மதிப்புக்குக் கழிவு செய்யும் முறையை மாணவர்கள் அறிவீர்கள். நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வரும் நூறு ரூபாய்ச் செலவு, ஆண்டுக்குப் பத்து விழுக்காடு கழிவில் இன்று 2 ரூபாய் 20 பைசா ஆகிறது. ஐந்து விழுக்காடு எனக் கொண்டாலும் 14 ரூபாய்தான். நூறு ரூபாயைத் தவிர்ப்பதற்காக இன்று மூன்று ரூபாய் செலவிட முன்வரும் பொறியாளரை, பத்து விழுக்காட்டுக் கணக்கு வீண்செலவு செய்பவர் என்று காட்டிவிடும். பணத்துக்கு இக்கணக்கு பொருந்தலாம். பணி செய்வோர் ஏற்கும் கதிர்வீச்சுக்குப் பொருந்தாது. இன்று ஏற்கும் ஒரு மில்லிசீவெர்ட்டும் நாற்பது ஆண்டுகளுக்குப் பின் வேறொருவர் ஏற்கும் ஒரு மில்லிசீவெர்ட்டும் உடலைப் பொறுத்தவரை ஒன்றே. வட்டி அங்கே செல்லாது.

அதிலும், எல்லாப் பயனும் நாற்பது ஆண்டு கழித்தே வருவதில்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிப்படி, கதிர்வீச்சுப் பணியாளர் ஒருவர் ஐந்தாண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 மில்லிசீவெர்ட்டுக்கு மேல் ஏற்கக் கூடாது. எந்த ஓர் ஆண்டிலும் 30ஐத் தாண்டக் கூடாது. விளக்கத்துக்காக ஒரு கணக்கு: ஒரு பம்பைச் செப்பனிட நாற்பது மணி நேர வேலை என்று கொள்வோம். அதன் அருகே மணிக்கு 1 மில்லிசீவெர்ட் என்றால் இருவர் தம் ஆண்டுப் பங்கு முழுவதையும் அதில் செலவிட வேண்டும். மணிக்கு 10 என்றால் இருபது பேர் வேண்டும். சோடியச் சுற்றில் பற்றவைக்கப் பயின்ற இருபது பேரை நினைத்தவுடன் திரட்ட முடியுமா? முடியாதபோது உலை காத்துக் கிடக்கும். 500 மெகாவாட் உலை ஒரு நாள் நின்றால் 1 கோடியே 20 லட்சம் யூனிட் மின்சாரம் இல்லை என்று பொருள். முன்மாதிரி ஈனுலைக்கு முதலில் 3,492 கோடி ரூபாய் என மதிப்பிடப்பட்டது; பின்னர் அது 5,677 கோடியாகவும் அதற்கு மேலும் திருத்தப்பட்டது. முதலீடு பெருகப் பெருக, அது வாளா இருக்கும் ஒவ்வொரு நாளின் விலையும் பெருகுகிறது.

இத்துறைமுகத்தில் விசைப்படகு வைத்திருப்போருக்கு இதனை நான் கற்பிக்க வேண்டியதில்லை. படகின் அடியில் பாசியும் சிப்பியும் படிகின்றன. படிந்தால் டீசல் கூடுதலாகச் செலவாகிறது. கரையேற்றிச் சுரண்டி வண்ணம் பூச வேண்டும். அந்நாட்களில் மீன் இல்லை. படகு வாங்கும்போதே அவர்கள் இந்நாட்களைக் கணக்கில் வைத்துக்கொள்கிறார்கள். நம்முடைய திட்ட அறிக்கைகள் பலவற்றில் அவ்வளவு கூடக் காணப்படுவதில்லை.

கழுவ முடிந்ததும் கழுவும்போது நேர்ந்ததும்

பிரான்சின் அனுபவத்திலிருந்து இரண்டு நிகழ்ச்சிகளைக் கூற விரும்புகிறேன். முதலாவது பெனிக்ஸ் உலையைப் பற்றியது. ரோன் ஆற்றங்கரையில் 250 மெகாவாட் திறனுடன் 1973இல் மின்சாரம் தரத் தொடங்கிய அவ்வுலையில், 1976இல் இடைநிலை வெப்ப மாற்றிகளில் கசிவுகள் தோன்றின. அம்மாற்றிகள் முதற்சுற்றுச் சோடியத்தில் மூழ்கியிருந்தவை. ஆகவே கதிரியக்கப் படிவு கொண்டவை. அவற்றை வெளியே எடுத்து, சோடியத்தைக் கழுவி, படிவை வேதியியல் முறையில் நீக்கி, செப்பனிட்டு, மீண்டும் பொருத்தினார்கள். அதற்கிடையில் உலை குறைந்த திறனில் ஓடிக்கொண்டிருந்தது. கழுவ இயலாதிருந்தால் அம்மாற்றிகள் செப்பனிட முடியாத கழிவாக மட்டுமே எஞ்சியிருக்கும். பெனிக்ஸ் 2009 வரை இயங்கியது.

இரண்டாவது துயரமானது. நம்முடைய சோதனை உலைக்கு முன்மாதிரியாக அமைந்தது கதராஷில் இருந்த ரப்சோதி உலை. அது 1983இல் மூடப்பட்டது. சோடியம் வடிக்கப்பட்டது, முதற்சுற்றும் படிவு நீக்கப்பட்டது. ஒரு தொட்டியின் அடியில் ஏறத்தாழ 100 கிலோ சோடியம் எஞ்சியிருந்தது. அதனைக் கன ஆல்கஹால் ஒன்றுடன் வினைபுரியச் செய்து அகற்றும் பணி நடந்துகொண்டிருந்தபோது, 1994 மார்ச் 31ஆம் நாள் தொட்டி வெடித்தது. ஒருவர் உயிரிழந்தார், நால்வர் காயமுற்றனர். உலை நின்று பத்தாண்டுகளுக்குப் பின் நிகழ்ந்த விபத்து இது.

சோடியத்தைக் கழுவும் முறைகளுள் எதுவும் முற்றிலும் ஆபத்தற்றது அன்று. ஒரு கிலோ சோடியம் நீருடன் வினைபுரிந்தால் ஏறக்குறைய அரை கனமீட்டர் ஹைட்ரஜன் வெளிப்படுகிறது. ஆகவே நைட்ரஜனில் நீராவியைச் சிறிது சிறிதாகக் கலந்து செலுத்துகிறார்கள். மூலை முடுக்குகளில் தங்கும் காரநீர், பின்னர் சூடாகும்போது எஃகில் வெடிப்பை உண்டாக்கவும் கூடும். அதற்குப் பின் அமிலத்தால் உரித்தெடுத்த கதிரியக்கம் எங்கும் மறைந்துவிடுவதில்லை; அமிலத்தில் இருக்கிறது. அதனைச் சுருக்கித் திண்மமாக்கிக் காக்க வேண்டும். எஃகைத் தூய்மையாக்கும் செலவில் பாதியே கழுவும் தொட்டியருகே தெரிகிறது. மறுபாதி கழிவுக் கிடங்கில் தெரிகிறது.

இதனைக் கேட்டு ஈனுலையே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கருதவேண்டாம். அந்த முடிவு வேறு பல காரணங்களையும் சார்ந்தது. நான் கேட்பது அளவானது. இனி வரும் ஈனுலைகளின் திட்ட அறிக்கைகளில், உறுப்பு வாரியாக மூன்று விவரங்கள் தரப்பட வேண்டும்: இதனை வெளியே எடுக்க முடியுமா, எடுத்தால் சோடியம் முழுவதும் வடிந்துவிடுமாறு சரிவும் துளையும் அமைந்துள்ளனவா, கழுவிச் செப்பனிட எத்தனை மனித-மில்லிசீவெர்ட் ஆகும். மூன்றாவது விவரத்தை ரூபாயாக மாற்றி வேறு செலவுகளோடு கலந்துவிடாமல், தனிப் பத்தியில் காட்ட வேண்டும். ரப்சோதியின் தொட்டியில் எஞ்சிய 100 கிலோவுக்கு அவ்வகைப் பத்தியில் ஓர் இடம் இருந்திருக்கும்.

ஆய்வாளர்கள் சேகரிக்கும் எண்களும் இதற்கு வேண்டும். சோதனை உலை நாற்பது ஆண்டுகளாக அந்த எண்களைத் தந்துகொண்டிருக்கிறது: எந்தக் குழாயில் எவ்வளவு மாங்கனீஸ், எந்தப் பம்பில் எவ்வளவு கோபால்ட் என்று. பொருளாதார மாணவர் எவரேனும் இவ்விவரங்களையும் பராமரிப்புப் பதிவேடுகளையும் இணைத்து ஆராய முன்வந்தால், நிதித்துறையில் அமர்ந்திருக்கும் என்னைப் போன்றவர்களுக்குப் பேருதவியாக இருக்கும். உங்கள் கேள்விகளை இப்போது கேட்கலாம்.